வழங்கி மாறியபின் தரவுதளத்தில் சிதைந்துபோன தமிழ்: மீட்க வழி உண்டா?

வாசகர்வட்டம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்காக 2008ஆம் ஆண்டு முதல் ஓர் இணைய இதழை நடத்தி வருகிறேன். நானே தட்டுத்தடுமாறி எழுதிய பிஎச்பி நிரல், அதன் பின்னால் ஒரு மைஎஸ்கியூஎல் தரவுதளம் என்பதைத் தவிர அதில் பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. ஏறத்தாழ 1,900 கட்டுரைகளும் அவற்றுக்கு வந்த வாசகர் கருத்துகளும் அதில் இருக்கின்றன. பழைய வழங்கி நிறுவனம் கணக்கை மூடப்போவதாகச் சென்ற மாதம் அறிவித்ததால், தரவுதளத்தை இறக்கி, மைஎஸ்கியூஎல் 8.0 ஓடும் புதிய வழங்கியில் ஏற்றினேன். ஏற்றி முடித்துத் தளத்தைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஒவ்வோர் எழுத்தின் இடத்திலும், தலையில் சாய்கோடு போட்ட சிறிய ரோமன் ஏ, அடுத்து வட்டத்துக்குள் அடைபட்ட ஆர், அதன்பின் தலைகீழ்க் கேள்விக்குறி போல ஏதோ ஒன்று என்று மும்மூன்றாக நிற்கின்றன.

வலையில் தேடியபோது, அட்டவணைகளை, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 குறிமுறைக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று பலரும் எழுதியிருந்தார்கள். ஆறு நாள் போராடிவிட்டு, ஆல்டர் டேபிள் கட்டளையை 'கன்வர்ட் டு கேரக்டர் செட்' என்ற தொடருடன் எல்லா அட்டவணைகளிலும் ஓட்டினேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, குப்பையும் அசையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுதப்படும் கட்டுரைகள் மட்டும் நல்ல தமிழில் தெரிகின்றன. இடைப்பட்ட ஆறு நாட்களில் வந்தவை எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக இருக்கின்றன. முதலில் இறக்கிய கோப்பைப் பழைய வழங்கியிலேயே விட்டுவைத்த என் மடமையால் அதுவும் கணக்கோடு போய்விட்டது. இனி என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தறிநாடா:

பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துத் தொகுதி யூடிஎஃப்8 என்று அறிவித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அந்த ஒரு வரி விட்டுப்போவதால்தான் இப்படி ஆகும்.

வாசகர்வட்டம்:

அந்த வரி 2008 முதலே இருக்கிறது. மேலும், புதிய கட்டுரைகளும் பழைய கட்டுரைகளும் ஒரே பக்கத்தில், ஒன்று நன்றாகவும் ஒன்று குப்பையாகவும் தெரிகின்றன.

நிரல்வண்டு:

அப்படியானால் கோளாறு உலாவியில் இல்லை, தரவுதளத்துக்குள்ளேயே இருக்கிறது. தயவுசெய்து இனி எந்தக் கட்டளையையும் ஓட்டாதீர்கள். முதலில், இப்போது இருக்கும் நிலையிலேயே முழு நகல் ஒன்றை எடுத்து உங்கள் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன தரவுக்கும் நகல் தேவை, ஏனென்றால் இதை இன்னும் மோசமாகக் கெடுக்க முடியும்.

நடந்தது என்னவென்று என் ஊகத்தைச் சொல்கிறேன். யூடிஎஃப்8 முறையில் வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 'த' என்பது 224, 174, 164 ஆகிய மூன்று எண்கள். முதல் எண் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லேட்டின்1 தொகுதியில் 224 என்பதுதான் நீங்கள் சொன்ன சாய்கோட்டு ஏ, 174 என்பதுதான் வட்டத்துக்குள் ஆர். ஆகவே உங்கள் திரையில் தெரிவது தமிழேதான். ஒவ்வொரு பைட்டையும் தனியோர் எழுத்தாக எண்ணி யாரோ உரக்கப் படித்துக்காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

மைஎஸ்கியூஎல் 5.7 வரையிலும், நாமாக ஒன்றும் சொல்லாவிட்டால் அட்டவணைகள் லேட்டின்1 தொகுதியில்தான் உருவாகும். 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் இயல்பான தொகுதி யூடிஎஃப்8எம்பி4 ஆயிற்று. 2008இல் நீங்கள் அட்டவணையை உருவாக்கியபோது அது லேட்டின்1. உங்கள் பிஎச்பி நிரல் தரவுதளத்தோடு பேசிய இணைப்பும் லேட்டின்1. உலாவியிலிருந்து வந்த யூடிஎஃப்8 பைட்டுகளைத் தரவுதளம் பொருள் தெரியாமலே வாங்கி வைத்தது, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. வாங்கும்போது செய்த பிழையும் கொடுக்கும்போது செய்த பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டதால், இத்தனை ஆண்டுகளும் உங்கள் தளம் நன்றாக ஓடியது. தமிழ் என்று ஒன்று தன்னிடம் இருப்பது தரவுதளத்துக்குத் தெரியவே தெரியாது.

புதிய வழங்கியில் இணைப்பு மட்டும் யூடிஎஃப்8எம்பி4 ஆகிவிட்டது. ஒரு பக்கம் திருந்த, மறுபக்கம் பழையபடியே இருந்ததால் குட்டு வெளிப்பட்டது. இதை உறுதிசெய்துகொள்ள ஒரு சிறு சோதனை போதும். 'தமிழ்' என்ற ஒரே சொல் மட்டும் உள்ள புலம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதன்மேல் 'சார் லெங்த்', 'லெங்த்' என்ற இரண்டு சார்புகளையும் ஓட்டி எண்களைச் சொல்லுங்கள். முன்னது எழுத்துக் குறிகளை எண்ணும், பின்னது பைட்டுகளை எண்ணும்.

வாசகர்வட்டம்:

குறிச்சொற்கள் அட்டவணையில், கட்டுரைக்கு ஒன்றாக 'தமிழ்' என்ற சொல் பல பதிவுகளில் இருக்கிறது. பழைய பதிவுகளில் 15, 30 என்று வருகிறது. அந்த ஆறு நாட்களுக்கு உரியவற்றில் 5, 5. அதற்குப் பிந்தியவற்றில் 5, 15.

நிரல்வண்டு:

இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. 'தமிழ்' என்பதை நாம் மூன்று எழுத்தாக எண்ணினாலும் யூனிகோடு அதை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணுகிறது. ஐந்து குறிகள், பதினைந்து பைட்டுகள். எனவே 5, 15 என்பது நலம். 5, 5 என்றால் ஒவ்வொரு குறியும் ஒரே பைட்டாகிவிட்டது, அதாவது உண்மையிலேயே கேள்விக்குறியாகவே எழுதப்பட்டுவிட்டது. யூடிஎஃப்8 இணைப்பு வழியே வந்த நல்ல தமிழை லேட்டின்1 புலத்தில் போட முயன்றபோது, அங்கே தமிழுக்கு இடமில்லாததால் தரவுதளம் கேள்விக்குறியை வைத்துவிட்டது. கண்டிப்பு முறை இயங்கியிருந்தால் 1366 என்ற எண்ணுடன் பிழை காட்டி மறுத்திருக்கும். 5.7 முதல் அது இயல்பாகவே இயங்கும் என்றாலும், பழைய நிரல்கள் முரண்டு பிடிக்கின்றன என்பதற்காகப் பல வழங்கிகளில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். அந்த ஆறு நாள் எழுத்துகளைத் தரவுதளத்திலிருந்து மீட்க வழியே இல்லை. வேறு எங்காவது படி இருந்தால்தான் உண்டு.

15, 30 என்பது இரட்டைக் குறிமுறை. நீங்கள் ஓட்டிய கன்வர்ட் டு கட்டளை, புலத்தில் இருப்பது உண்மையான லேட்டின்1 எழுத்துகள்தாம் என்று நம்பி, ஒவ்வொரு பைட்டையும் யூடிஎஃப்8 முறையில் மறுபடி எழுதிவிட்டது. 224 என்ற ஒரு பைட்டு 195, 160 என்ற இரண்டாகியிருக்கும், 174 என்பது 194, 174 ஆகியிருக்கும். முன்பே இங்கே கேட்டிருந்தீர்கள் என்றால், புலத்தை முதலில் பிளாப் வகைக்கும், அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் வகைக்கும் மாற்றச் சொல்லியிருப்பேன். பிளாப் என்பது எழுத்தென்றே கருதப்படாத வெறும் பைட்டுக் குவியல் ஆதலால், பெயர்ப்பலகை மட்டும் மாறும், உள்ளே இருப்பது மாறாது. இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனாலும் இழப்பு ஏதும் இல்லை, ஏனெனில் ஏறிய படியிலேயே இறங்கிவிடலாம்.

புலத்தை 'கன்வர்ட்' சார்பால் லேட்டின்1 ஆக்குங்கள். கிடைப்பதை 'பைனரி' என்று அறிவியுங்கள். அதை மறுபடி 'கன்வர்ட்' சார்பால் யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து முதலில் செலக்ட் கட்டளையில் மட்டும் ஓட்டிக் கண்ணால் பாருங்கள். அப்டேட் அதற்குப் பிறகுதான்.

ஒரு பெரிய எச்சரிக்கை: இதை நல்ல பதிவுகளின்மேல் ஓட்டினால், நல்ல தமிழ் லேட்டின்1 ஆகும்போது கேள்விக்குறிகளாகிவிடும். எனவே 195, 160, 194, 174 அல்லது 195, 160, 194, 175 என்ற பைட்டுகள் தொடர்ந்து வரும் பதிவுகளை மட்டும் 'ஹெக்ஸ்' சார்பைக் கொண்டு வடிகட்டி எடுங்கள். அந்தச் சார்பு பதினாறின் அடிமானத்தில் காட்டும், மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

குறுக்குச்சந்து:

இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லாவற்றையும் ஒரு சிஎஸ்வி கோப்பாக இறக்கி, பைத்தானில் சிபி1252 (விண்டோஸ் 1252 தொகுதி) ஆகக் குறியாக்கி யூடிஎஃப்8 ஆகப் படித்தால் இரண்டே வரியில் முடிந்துவிடும். பிரெஞ்சுத் தளம் ஒன்றை நான் அப்படித்தான் சரிசெய்தேன். பிழை காட்டி நின்றால், பிழைகளைப் புறக்கணிக்குமாறு ஒரு சொல் சேர்த்தால் போதும்.

வாசகர்வட்டம்:

குறுக்குச்சந்து அவர்கள் சொன்ன வழி எளிதாகத் தெரிந்ததால் நகலின்மேல் முயன்றேன். முதல் வரியிலேயே பிழை காட்டி நின்றது. புறக்கணிக்கச் சொன்னதும் ஓடி முடிந்தது. தமிழும் வந்துவிட்டது, ஆனால் விசித்திரமான தமிழ். 'அம்மா' என்பது 'அமமா' என்றும், 'குருவி' என்பது 'கரவி' என்றும் இருக்கின்றன. 'ஐயா' என்று தொடங்கும் கடிதங்கள் எல்லாம் 'யா' என்று தொடங்குகின்றன. கல்வெட்டுப் படித்தது போல இருக்கிறது.

நிரல்வண்டு:

நகலின்மேல் முயன்றீர்களே, அதற்காக மகிழ்கிறேன். பிரெஞ்சுக்குப் பொருந்திய வழி தமிழை இப்படிக் கடித்துத் துப்புவதற்குத் திட்டமான காரணம் இருக்கிறது. பலர் இதில் விழுந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மைஎஸ்கியூஎல் லேட்டின்1 என்று அழைப்பது உண்மையில் விண்டோஸ் 1252 தொகுதி. அந்தத் தொகுதியில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன. மைஎஸ்கியூஎல் அந்த ஐந்தையும் அதே எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறிகளாக எடுத்துக்கொண்டு, போனது போலவே திரும்பவும் கொண்டுவந்துவிடும். பைத்தானின் சிபி1252 அவ்வளவு தாராளம் காட்டாது, காலியிடத்தைக் கண்டதும் நின்றுவிடும். புறக்கணிக்கச் சொன்னால் அந்தப் பைட்டை எறிந்துவிடும். மூன்றில் ஒன்று போனபின் மீதி இரண்டுக்குப் பொருள் இல்லாததால், அடுத்த படியில் அவையும் எறியப்படும்.

இனித் தமிழைப் பாருங்கள். புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. 'ஏ' 224, 174, 143. 'ஐ' 224, 174, 144. காலியான ஐந்து இடங்களில் நான்கு, தமிழின் இந்த நான்கு குறிகளின்மேல் நேராக வந்து விழுகின்றன. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? பிரெஞ்சில் ஒலிக்குறியிட்ட எழுத்துகளில் பெரும்பாலானவை இந்தக் குழிகளைத் தொடாமலே போய்விடும். அதனால்தான் அங்கே இரண்டு வரியில் முடிந்த வேலை இங்கே முடியவில்லை.

சிபி1252க்குப் பதிலாகப் பைத்தானின் லேட்டின்1 தொகுதியைப் போட்டால் என்ன என்று அடுத்து யாராவது கேட்கக்கூடும். அதுவும் உதவாது. 'அ' என்பதன் கடைசிப் பைட்டு 133. மைஎஸ்கியூஎல் அதை மூன்று புள்ளி கொண்ட விடுபாட்டுக் குறியாக மாற்றி வைத்திருக்கும். அந்தக் குறி கண்டிப்பான லேட்டின்1 தொகுதியில் கிடையாது. ஆக, ஒன்றில் புள்ளி போகும், மற்றொன்றில் அகரம் போகும். சிபி1252ஐ முதலில் முயன்று, அந்த ஐந்து இடங்களுக்கு மட்டும் அதே எண்ணை வைக்கும் ஒரு சிறு சார்பை எழுதினால் பைத்தானிலும் செய்யலாம். ஆனால் சிக்கலை உண்டாக்கிய அதே மைஎஸ்கியூஎல்லிடம் அவிழ்க்கவும் கொடுப்பதுதான் என் பரிந்துரை. எந்த அட்டவணையை வைத்து முடிச்சிட்டதோ அதே அட்டவணையை வைத்து அவிழ்க்கும்.

குறுக்குச்சந்து:

ஏற்றுக்கொள்கிறேன். புள்ளிக்கு இப்படி ஒரு வினை இருப்பது எனக்குத் தெரியாது.

அச்சுக்கோப்பாளர்:

ஒரு துணைத் தகவல். 2008இல் தொடங்கிய இதழ் என்பதால் கேட்கிறேன்: வாசகர்கள் அனுப்பிய கட்டுரைகளில், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை ஏதும் அப்படியே ஒட்டப்பட்டிருக்கின்றனவா? எங்கள் பழைய மலர்த் தொகுப்பில் நிறைய இருந்தன. பாமினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ரோமன் குறிகள்தாம். மேலே சொன்ன சோதனையில் அதுவும் 5, 5 என்றுதான் காட்டும், கேள்விக்குறிகளோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அந்தப் பதிவுகளில் குறிமுறைக் கோளாறே இல்லை. அவை தரவுதளத்தின் கண்ணில் சுத்தமான ஆங்கிலம். எந்தக் கன்வர்ட் கட்டளையும் அவற்றைத் தொடாது. எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியே தனியாகத்தான் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும், அதையும் எழுத்துக்கு முன்னும் பின்னுமாக இடம் மாறும் கொம்புகளைக் கவனித்துச் செய்யவேண்டும். டிஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறிமுறையில் இருப்பவை வேறு கதை, அது எட்டு பிட்டுக் குறிமுறை ஆதலால் உங்கள் வடிகட்டியில் தப்பிவிடக்கூடும்.

வாசகர்வட்டம்:

பாமினியில் 23 கட்டுரைகள் கிடைத்தன. இத்தனை நாளும் அவற்றுக்கென எழுத்துருவைத் தனியாகக் கொடுத்துக் காட்டிவந்ததை நானே மறந்துவிட்டேன். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

நிரல்வண்டு அவர்கள் சொன்ன மூன்றடுக்குக் கட்டளையைச் செலக்டில் ஓட்டியபோது கட்டுரை உடல்கள் அனைத்தும் அழகாக வந்தன. ஆனால் தலைப்புகளில் ஏறத்தாழ 60 பதிவுகளுக்கு விடை 'நல்', அதாவது மதிப்பே இல்லை, என்று வருகிறது. தலைப்புப் புலம் 100 எழுத்து அளவுள்ள வார்ச்சார் வகை. இன்னொரு செய்தி: பழைய தளத்திலேயே நீண்ட தலைப்புகளின் முடிவில் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி தெரியும். உலாவியின் கோளாறு என்று எண்ணிப் பல ஆண்டுகளாகக் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

நிரல்வண்டு:

உலாவியின் மேல் பழியில்லை. லேட்டின்1 புலத்தில் 100 எழுத்து என்றால் 100 பைட்டு. தமிழுக்கு மும்மூன்றாகச் செலவழிந்தால் 33 குறிகள் போக ஒரு பைட்டு மிஞ்சும். சொல்லிடைவெளிகள் ஒற்றைப் பைட்டு என்பதால் கணக்கு சற்று நகரும். எப்படியும், நீண்ட தலைப்புகள் பல நடு எழுத்தில் வெட்டுப்பட்டிருக்கும். வால் அறுந்த அந்தப் பைட்டுகளை யூடிஎஃப்8 என்று ஏற்க முடியாததால்தான் மைஎஸ்கியூஎல் 'நல்' என்று திருப்புகிறது. இது ஒரு வகையில் நல்லது, எவை வெட்டுப்பட்டவை என்ற பட்டியல் தானாகக் கிடைத்துவிட்டது. அந்த 60 தலைப்புகளில் மட்டும் கடைசி ஒன்று அல்லது இரண்டு குறிகளை நீக்கிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். நீக்காமல் அப்டேட் ஓட்டினால், கண்டிப்பு முறை அணைந்திருக்கும் உங்கள் வழங்கியில் முழுத் தலைப்பும் வெற்றாகிவிடும் அபாயம் உண்டு. அறுந்துபோன மீதிச் சொற்கள் பதிந்த நாள் முதலே இல்லாதவை, அவற்றை எந்தக் கட்டளையாலும் கொண்டுவர முடியாது.

யூடிஎஃப்8எம்பி4 என்பதற்குப் பதிலாக வெறும் யூடிஎஃப்8 போதாதா என்று தனிமடலில் கேட்டிருந்தீர்கள். மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பெயரில் வழங்கியது மூன்று பைட்டு வரை மட்டும் ஏற்கும் அரைகுறை வடிவம். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் ஒரு வாசகர் கருத்தின் நடுவே சிரிப்புப் பொம்மை (எமோஜி) போட்டால், கண்டிப்பு முறை இல்லாத இடத்தில் அந்தப் பொம்மையோடு அதற்குப் பின்னால் எழுதியதும் வெட்டுப்படும். முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளும் அப்படியே. 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னிணைப்புப் பகுதி முழுவதும் நான்கு பைட்டுதான். இதில் ஒரு வேடிக்கை, உங்கள் பழைய லேட்டின்1 புலம் எதையும் புரிந்துகொள்ளாததால் பொம்மைகளை எல்லாம் பத்திரமாகவே காப்பாற்றியிருக்கும்.

புலங்களை மாற்றியபின் பிஎச்பி இணைப்பிலும் எழுத்துத் தொகுதியை வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். அதைச் செட் நேம்ஸ் என்ற கட்டளையாக அனுப்பாமல் பிஎச்பியின் 'மைஎஸ்கியூஎல்ஐ' நூலகத்தின் 'செட் சார்செட்' சார்பால் செய்யுங்கள். முன்னதைத் தரவுதளம் மட்டுமே அறியும், மேற்கோள் குறிகளுக்குக் காப்பிடும் பிஎச்பி சார்பு அறியாது.

தறிநாடா:

பழைய பதிப்பிலிருந்து வருவோருக்கு ஒரு சொல். சுட்டுப்பட்டியலில் (இண்டெக்ஸ்) 255 எழுத்துப் புலம் இருந்தால், மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபியின் பழைய வடிவில் 767 பைட்டு எல்லை குறுக்கிடும். மும்மூன்று பைட்டுக்கு 765 என்று நூலிழையில் தப்பியது, நான்கு வைத்தால் 1,020 ஆகிவிடும். நான்கு நான்காக 191 எழுத்தே அந்த எல்லைக்குள் அடங்கும், பல நிரல்களில் 191 என்ற விசித்திர எண்ணைப் பார்ப்பது அதனால்தான்.

வாசகர்வட்டம்:

முடித்துவிட்டேன். முழுமையாக எழுதுகிறேன், இதே சிக்கலோடு பின்னர் வருபவர்களுக்குப் பயன்படலாம்.

ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு படி எடுத்து, படியின்மேல் அப்டேட் ஓட்டி, 'தமிழ்' என்ற குறிச்சொல் எல்லாப் பழைய பதிவுகளிலும் 5, 15 என்று வருவதைப் பார்த்தபின்பே அசலில் ஓட்டினேன். வடிகட்டியில் எதிர்பாராத ஒன்று சிக்கியது. குப்பையாகத் தெரிந்த காலத்தில், ஏழு கட்டுரைகளின் மேலே 'தொழில்நுட்பக் கோளாறு, பொறுத்தருள்க' என்று நானே நல்ல தமிழில் ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தேன். ஒரே புலத்தில் பாதி நலமாகவும் பாதி இரட்டையாகவும் இருந்த அவற்றில், குறிப்பை நீக்கிவிட்டுப் பிறகு மாற்றினேன். பக்க ஓரப் பெட்டிகளின் அமைப்புகள் காணாமல் போயிருந்தன, அவையும் தாமாகவே திரும்பின. பிஎச்பி அவற்றை வரிசைப்படுத்திச் சேமிக்கும்போது பைட்டு எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுவதால், எண்ணிக்கை பொருந்தியதும் படிக்க முடிந்திருக்கிறது.

கேள்விக்குறிகளாகப் போன கருத்துகள் 140. ஒவ்வொரு கருத்தும் வரும்போது என் மின்னஞ்சலுக்கு ஒரு படி வரும் என்பதால், அனைத்தையும் அங்கிருந்து எடுத்து ஒட்டினேன். கட்டுரைகள் நான்கு. எழுதியவர்களிடமே கேட்டு வாங்கிவிட்டேன். தலைப்புகளில் பெரும்பாலானவற்றைக் கட்டுரையின் முதல் பத்தியைப் பார்த்து ஊகித்து நிறைவு செய்தேன். மூன்று மட்டும் மூளியாகவே நிற்கின்றன.

நிரல்வண்டு:

நன்று. இன்னும் ஒன்றே ஒன்று. தளத்தின் முதன்மை நிரலைத் தவிர, தரவுதளத்தோடு தனியாக இணைப்பு ஏற்படுத்தும் சிறு நிரல்கள் ஏதும் உண்டா? இரவில் நகல் எடுப்பது, மடல் அனுப்புவது போன்றவை. அவற்றையும் திறந்து பாருங்கள்.

வாசகர்வட்டம்:

வெள்ளிக்கிழமை மடல் அனுப்பும் கோப்பில், 2011இல் நானே எழுதிய 'செட் நேம்ஸ் லேட்டின்1' என்ற வரி இருந்தது. இன்று வியாழன். விட்டிருந்தால் நாளைக் காலை 312 பேருக்குக் கேள்விக்குறிகள் மட்டுமே போயிருக்கும். அதையும் மாற்றிவிட்டு, எனக்கு மட்டும் ஒரு மடல் அனுப்பிப் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன.